நாளைக்கு டிவி எப்படி இருக்கும்?



பாகாலாவில் எங்கள் கல்வி மையம் மாலை 7 மணிக்குத் தொடங்கும். தமிழ் படிக்க 14 பேர் வருகிறார்கள். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, இதுதான் நம் ஊர் வழக்கம்.

ஒரு நாள் 5 பேர்தான் வந்தார்கள்.

"மத்தவங்க எங்கே, அத்தை?" என்று கேட்டேன்.

"டிவியில கதை ஓடுது பாப்பா. இன்னைக்குக் கல்யாணம் நிக்குமா நடக்குமான்னு தெரிஞ்சுடும். முடிஞ்சதும் வருவாங்க" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். ரயில்வேயில் கேங்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருந்தார். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இனிமேல் டிவியில படம் பெட்டியை விட்டு வெளியே வருமாமே? யானை தும்பிக்கையை நீட்டினா நம்ம மூஞ்சிக்கு நேரே வருமாமே? பேரன் சொல்றான். நெசமா?"

உடனே அத்தை கேட்டார்: "எனக்கு ஒரு கண்தானே தெரியுது. அந்தப் படம் வந்தா எனக்குத் தெரியுமா?"

அத்தைக்குச் சிறு வயதில் வேலிமுள் குத்தி இடது கண்ணில் பார்வை போய்விட்டது.

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. "படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். நூலகத்துக்குப் போனேன். விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டேன். அடுத்த வாரம் சொன்ன பாடம்தான் இது.

அந்த நாள் டிவி

இந்தியாவில் டிவி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975இல் வந்தது. ஐதராபாத்துக்கு 1977இல் வந்தது. அப்போது படம் கறுப்பு வெள்ளைதான். 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அந்த ஆண்டில்தான் கலர் வந்தது.

நகரத்துக்கு மட்டும்தானா டிவி? கிராமத்துக்கு வேண்டாமா? இப்படிக் கேட்டவர் விஞ்ஞானி விக்ரம் சாராபாய். விண்வெளி அறிவு ஏழைக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் நினைத்தார். 1971இல் அவர் காலமானார். ஆனால் அவர் எண்ணம் நிறைவேறியது.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்கா தன் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டுக்கு நமக்குப் பயன்படக் கொடுத்தது. ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி வந்தது. ஊர்ப் பொது இடத்தில் ஒரு பெட்டி. பக்கத்தில் 10 அடி அகலத்தில் பெரிய டிஷ். அது எதனால் செய்தது தெரியுமா? கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையால் செய்தது! காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், உடல்நலம், குடும்பநலம், பாட்டு, நாடகம். ஊரே கூடிப் பார்த்தது.

1987இல் ராமாயணத் தொடர் வந்தது. ஞாயிறு காலையில் தெருவில் ஆள் இருக்காது என்று என் ஆயா சொல்வார். ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். அந்த வீட்டுத் திண்ணையிலும் சன்னலிலும் ஊரே இருக்கும். பேச்சு இந்தி. யாருக்கும் புரியாது. கதை தெரியும். அதனால் பார்த்தார்கள்.

1990களில் கேபிள் வந்தது. 1993இல் சன் டிவி வந்தது. 1995இல் தெலுங்கில் ஜெமினியும் ஈடிவியும் வந்தன. 2008இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் இருந்தே ஒரு பக்தி சேனலைத் தொடங்கியது. ஊரில் ஒரு பெட்டி என்பது போய், வீட்டுக்கு ஒரு பெட்டி என்று ஆனது.

படம் எப்படி வருகிறது?

குளத்தில் ஒரு கல்லைப் போடுங்கள். அலை கரை வரை வருகிறது. அதுபோல ஒளிபரப்பு நிலையம் வானத்தில் அலைகளை அனுப்புகிறது. இந்த அலை கண்ணுக்குத் தெரியாது. இதற்கு மின்காந்த அலை என்று பெயர். படமும் ஒலியும் குறிப்புகளாக மாறி இந்த அலையில் ஏறி வருகின்றன. பெட்டி அந்தக் குறிப்புகளை மீண்டும் படமாக மாற்றுகிறது.

முன்பு உயரமான கோபுரத்தில் இருந்து அலை வந்தது. வீட்டுக் கூரையில் ஆன்டெனா இருக்கும். "இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு" என்று கீழே இருந்து ஒருவர் கத்துவார். நினைவு இருக்கிறதா? நடுவில் மலை இருந்தால் அலை தடைபடும். நம்மைச் சுற்றி மலை இருக்கிறது. அதனால் படம் புள்ளி புள்ளியாக ஆடும்.

செயற்கைக்கோள் வந்ததும் மலை ஒரு தடையாக இல்லை. அது பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று வருகிறது. அதனால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிறது. இப்படிச் செய்யலாம் என்று 1945இலேயே ஆர்தர் கிளார்க் என்பவர் எழுதினார். இவர் பிற்காலத்தில் இலங்கையில் வாழ்ந்தவர்.

நம் தெருவில் உள்ள டிஷ்களைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. ஏன்? இந்தச் செயற்கைக்கோள்கள் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே நிற்கின்றன. அது நமக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் டிஷ் வடக்கே பார்க்காது.

அலை மேலே போய்த் திரும்பி வர 72,000 கிலோமீட்டர். அதற்கு ஆகும் நேரம் கால் வினாடிதான். பெருமழையில் படம் நின்றுவிடுகிறதே, ஏன்? மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சிவிடுகின்றன. பெட்டியில் பழுது இல்லை. பெட்டியைத் தட்ட வேண்டாம்!

நமக்குப் பக்கத்தில் காதங்கி இருக்கிறது. அங்கே ஒரு பெரிய ரேடார் இருக்கிறது. அதுவும் வானத்துக்கு அலையை அனுப்புகிறது. திரும்பி வரும் அலையை வைத்து மேலே காற்று எப்படி வீசுகிறது என்று விஞ்ஞானிகள் அறிகிறார்கள். டிவி அலைக்கும் அதற்கும் உறவு உண்டு. இரண்டும் ஒரே குடும்பம்.

இரண்டு கண், ஒரு படம்

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வருவோம். படம் வெளியே வருமா?

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு விரலை மூக்குக்கு நேரே ஒரு முழம் தள்ளி நீட்டுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரிகிறதா?

விரல் நகரவில்லை. உங்கள் கண்கள் இரண்டும் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கண்ணும் சிறிது வேறான படத்தைப் பார்க்கிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குகிறது. இது அருகில், அது தொலைவில் என்று அப்போது தெரிகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். சிரமம் புரியும்.

சாதாரண டிவியில் இரண்டு கண்ணும் ஒரே படத்தைப் பார்க்கின்றன. அதனால் படம் சுவரில் ஒட்டிய காகிதம் போலத் தட்டையாக இருக்கிறது. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று தனித்தனியே காட்டினால்? மூளை ஏமாந்துவிடும். படம் வெளியே வருவது போலத் தெரியும். இதுதான் முப்பரிமாணப் படம். இதை 3டி என்கிறார்கள். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் தெரியும் என்று பொருள்.

இதை 1838இலேயே இங்கிலாந்தில் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி கண்ணாடிகளை வைத்துச் செய்து காட்டினார். ஆகவே இது புதிய விஷயம் அல்ல.

கண்ணாடி போட்ட படம்

1984இல் கேரளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற படம் வந்தது. இந்தியாவின் முதல் 3டி படம் அது. 1985இல் தமிழில் 'அன்னை பூமி' வந்தது. கொட்டகை வாசலில் ஒரு கண்ணாடி கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இடது கண்ணுக்கு உரிய படத்தை இடது கண்ணுக்கும், வலது கண்ணுக்கு உரியதை வலது கண்ணுக்கும் அந்தக் கண்ணாடி பிரித்துவிடும்.

தாத்தா சொன்னார்: "ஆமா பாப்பா, நான்கூட அப்படி ஒரு படம் பார்த்தேன். வாலிப வயசு. ஒரு சாமான் என் மேலே வந்து விழற மாதிரி இருந்தது. குனிஞ்சுட்டேன். பக்கத்துல இருந்தவரும் குனிஞ்சாரு. ரெண்டு பேர் தலையும் முட்டிக்கிச்சு!"

வந்தது, போனது

2010இல் பெரிய கம்பெனிகள் வீட்டுக்கு 3டி டிவி கொண்டுவந்தன. அந்த ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தில் 25 ஆட்டங்களை 3டியில் எடுத்தார்கள். அமெரிக்காவில் விளையாட்டுக்கு என்றே 3டி சேனல் தொடங்கினார்கள். இனி எல்லா வீட்டிலும் இதுதான் என்று விளம்பரம் செய்தார்கள்.

நடந்தது என்ன? அந்த விளையாட்டுச் சேனல் 2013இல் மூடப்பட்டது. 2017க்குள் பெரிய கம்பெனிகள் 3டி டிவி செய்வதையே நிறுத்திவிட்டன.

ஏன் என்று எங்கள் மையத்தில் கேட்டேன். அவர்களே காரணம் சொன்னார்கள்.

"பெட்டி விலை ஜாஸ்தியா இருந்திருக்கும்."

"வீட்ல 6 பேர் இருந்தா 6 கண்ணாடி வேணுமே!"

"கண்ணாடி போட்டுக்கிட்டு அரிசி பொறுக்க முடியுமா? கீரை ஆய முடியுமா?"

எல்லாம் சரியான காரணங்கள். இன்னும் இரண்டு உண்டு. 3டி நிகழ்ச்சிகள் மிகவும் குறைவு. பலருக்குத் தலைவலி, மயக்கம் வந்தது. கண்ணாடி இல்லாத 3டி டிவியும் செய்திருக்கிறார்கள். ஆனால் அதன் விலை அதிகம். சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் படம் நன்றாகத் தெரியும். தலையில் மாட்டிப் பார்க்கும் கருவியும் இருக்கிறது. அதை மாட்டினால் பக்கத்தில் இருப்பவர்கூடத் தெரியாது. குடும்பமாகப் பார்க்க முடியாது.

புதியது எல்லாம் நிலைத்துவிடாது. மக்களுக்குப் பயன்படுவது நிலைக்கும்.

அத்தையின் கேள்வி

"அப்ப எனக்கு?" என்று அத்தை மீண்டும் கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். "இரண்டு கண்ணிலும் பார்வை இருந்தால்தான் அந்த ஆழம் தெரியும், அத்தை. உங்களுக்குச் சாதாரணப் படமாகத்தான் தெரியும்."

அத்தை வருத்தப்படவில்லை. "40 வருசமா ஒத்தைக் கண்ணாலதான் பூக்கட்டறேன். பஸ் வர்ற தூரமும் தெரியுது" என்றார்.

அதுவும் உண்மை. அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும். தொலைவில் உள்ளது சிறிதாகத் தெரியும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். நிழல் விழும். இவற்றை வைத்து ஒரு கண்ணாலும் தூரத்தை அறியலாம். பழகப் பழக மூளை கற்றுக்கொள்ளும்.

அன்று வேறு ஒன்றும் நடந்தது. அத்தையோடு 6 வயதுப் பேத்தியும் வந்திருந்தாள். எல்லோரும் ஒரு கண்ணை மூடி, பலகையில் உள்ள எழுத்தைப் படித்தோம். அவளும் படித்தாள். இடது கண்ணை மூடியபோது படபடவென்று படித்தாள். வலது கண்ணை மூடியதும் நிறுத்திவிட்டாள். "எழுத்தைக் காணோம்" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தோம். பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். அப்போதும் தெரியவில்லை.

அத்தையின் முகம் மாறிவிட்டது. மறுநாளே கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கூட நானும் போனேன்.

"இது சோம்பல் கண். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு, நல்ல கண்ணை மட்டும் பயன்படுத்தும். சிறு வயதிலேயே வந்ததால் நல்லது. வயது ஏற ஏறச் சரிசெய்வது கடினம்" என்றார் டாக்டர்.

கண்ணாடி கொடுத்தார். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைக்கச் சொன்னார். அப்போதுதான் சோம்பல் கண் வேலை செய்யுமாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் இப்படிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் சரியாகத் தெரியவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் செய்யும் சோதனை மட்டும் போதாது. பள்ளியில் கண் பரிசோதனை நடந்தால் தவறாமல் அனுப்புங்கள்.

உண்மையில் வருவது என்ன?

படம் பெட்டிக்கு வெளியே வரவில்லை. ஆனால் டிவியே பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. இப்போது அது கைப்பேசியில் இருக்கிறது. 2016க்குப் பிறகு இன்டர்நெட் விலை மிகவும் குறைந்தது. ஆந்திராவில் கண்ணாடி இழைக் கம்பி வழியாக டிவி, இன்டர்நெட், போன் மூன்றும் ஒரே இணைப்பில் வந்தன. நமக்கு வேண்டிய நேரத்தில் வேண்டியதைப் பார்க்கலாம். வகுப்பு முடிந்து வந்தும் கதையைப் பார்க்கலாம்!

இன்னொரு முயற்சியும் நடக்கிறது. இன்டர்நெட் இல்லாமலே, கோபுரத்தில் இருந்து நேராகக் கைப்பேசிக்கு டிவி அனுப்பும் முறை இது. ரேடியோ கேட்பது போல. இதன் சோதனை பெங்களூரு, டெல்லி போன்ற நகரங்களில் நடந்தது. இது வெற்றி பெற்றால் புயல், வெள்ளம் பற்றிய எச்சரிக்கையை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பலாம்.

வசதி பெருகும்போது ஆபத்தும் பெருகும். இப்போது கம்ப்யூட்டரால் பொய்யான வீடியோ செய்ய முடிகிறது. ஒருவர் பேசாததைப் பேசியது போலக் காட்ட முடிகிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இன்றைக்கு அது இன்னும் பொருந்தும். பணம் அனுப்பச் சொல்லும் வீடியோவை நம்பாதீர்கள். நாலு பேரைக் கேளுங்கள்.

பாட்டுக்குக் கீழே எழுத்து

3டியைவிட நமக்குப் பயன்படும் ஒன்று உண்டு. அதற்குச் செலவும் குறைவு.

டிவியில் பாட்டு ஓடும்போது, அந்தப் பாட்டின் சொற்களையே கீழே எழுத்தில் காட்டுவது. தமிழ்ப் பாட்டுக்குத் தமிழ் எழுத்து. தெலுங்குப் பாட்டுக்குத் தெலுங்கு எழுத்து. இந்த யோசனையைச் சொன்னவர் பிரிஜ் கோத்தாரி. 1999இல் குஜராத் தூர்தர்ஷனில் பாட்டு நிகழ்ச்சியில் இதைச் செய்தார்கள். 2002இல் நாடு முழுவதும் தெரியும் 'சித்ரஹார்' நிகழ்ச்சிக்கும் வந்தது.

இதனால் என்ன லாபம்? பாட்டு நமக்கு மனப்பாடம். காது சொல்லைக் கேட்கிறது. கண் எழுத்தைப் பார்க்கிறது. இரண்டும் சேர்கின்றன. படிக்கிறோம் என்ற நினைப்பு இல்லாமலே படிப்பு வருகிறது. படித்த எழுத்து மறந்தும் போகாது. காது கேளாதவர்களுக்கும் இது பெரிய உதவி.

எங்கள் மையத்தில் கைப்பேசியில் இப்படிப் பாட்டுப் போட்டுப் பார்த்தோம். முதல் தடவை எழுத்து வேகமாக ஓடியது. நான்காவது தடவை அத்தை பாட்டோடு சேர்ந்து படித்தார்.

"படம் வெளியே வந்தா எனக்குத் தெரியாது. எழுத்து கீழே வந்தா எனக்கும் தெரியுது" என்றார்.

பட்டியலைப் படியுங்கள்

கடைசியாக ஒன்று. அத்தை வீட்டில் மாதாமாதம் டிவிக்குப் பணம் கட்டினார்கள். எதற்கு எவ்வளவு என்று கேட்டதே இல்லை. இப்போது சேனல் பட்டியலை வாங்கிப் படித்தார். யாரும் பார்க்காத சேனல்கள் பல இருந்தன. அவற்றை எடுக்கச் சொன்னார். மாதச் செலவு குறைந்தது.

2019 முதல் நமக்கு வேண்டிய சேனலை நாமே தேர்ந்தெடுக்கலாம். கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு. அந்த விலையை நாம் தெரிந்துகொள்ளலாம். தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷும் இருக்கிறது. அதற்கு டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும். மாதக் கட்டணம் இல்லை.

நாளைக்கு என்ன டிவி வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எது வந்தாலும் அதில் எழுத்து இருக்கும். விலை இருக்கும். படிக்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

அத்தையின் பேத்தி இப்போது நல்ல கண்ணை மூடிக்கொண்டு மையத்துக்கு வருகிறாள். முன்வரிசையில் உட்கார்ந்து பெரிய எழுத்துகளைப் படிக்கிறாள். நேற்று ஒரு முழு வரி படித்தாள்.

புதிய சொற்கள்

ஒளிபரப்பு – படத்தையும் ஒலியையும் அலை வழியாக அனுப்புதல்
செயற்கைக்கோள் – மனிதன் செய்து வானில் நிறுத்திய கோள்
முப்பரிமாணம் – நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும்
சோம்பல் கண் – மூளை ஒதுக்கிவிட்ட கண்

பதில் சொல்லுங்கள்

1. 1975இல் எத்தனை கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக டிவி வந்தது?
2. பெருமழையில் படம் நின்றுவிடுவது ஏன்?
3. 3டி டிவி ஏன் நிலைக்கவில்லை? மூன்று காரணம் சொல்லுங்கள்.
4. பாட்டுக்குக் கீழே எழுத்து வந்தால் யாருக்கெல்லாம் பயன்?

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு டிவி சேனல் பட்டியலை வாங்குங்கள். பார்க்கும் சேனல்களை ஒரு பக்கம் எழுதுங்கள். பார்க்காதவற்றை இன்னொரு பக்கம் எழுதுங்கள். விலையைக் கூட்டுங்கள்.
2. வீட்டில் உள்ள பிள்ளைகள் ஒவ்வொரு கண்ணாக மூடி இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். நீங்களும் படியுங்கள்.